ஃபோர்மேன் தந்த நற்சான்று

முதல் அடி இடது கன்ன எலும்பில் விழுந்தது. மோதிரம் போட்ட கை. இரண்டாவது அடி காதையும் சேர்த்து விழுந்ததால், அதன்பின் கொஞ்ச நேரம் துறைமுகத்தின் எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது வாயில். நான்காவது அடிக்கு அவரிடம் பலம் மிச்சமில்லை. கை என் தோளில் விழுந்து அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. நான் எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம், பயந்தால் இன்னும் கவனமாக எண்ணுவேன். அவர் அடித்த நேரம் முழுவதும் என் வலது முஷ்டி, அவருடைய தொடை இடுப்போடு சேரும் இடத்தில் கிழிந்து கிடந்த சதைக்குள் இருந்தது. அதன் மேல் இடது கை. அதன் மேல் என் உடம்பின் ஐம்பத்திரண்டு கிலோவும். விரல்களுக்கு அடியில் ரத்தக்குழாய் எலும்பின் மேல் அழுந்தித் துடிப்பது தெரிந்தது. கையை எடுத்தால் அவர் சில நிமிடங்களில் செத்துவிடுவார். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நாற்பது ஆண்கள் சுற்றி நின்று பார்க்க, ஒரு பெண் தன்னை அந்த இடத்தில் பிடித்திருக்கிறாள் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. "எடுளா கைய! பொம்பள, கைய எடு!" என்று கத்திக்கொண்டேதான் அடித்தார்.

அவர் எங்கள் ஃபோர்மேன். தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலில் வரும் மரத்தடிகளை இறக்கும் ஒரு கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். தூக்குச் சாமான்களைச் சோதித்து, எது தகும் எது தகாது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அவர் வேலை, அந்தச் சாமான்களையும் ஆட்களையும் வைத்துக் கப்பலைக் காலி செய்வது. அவருக்குப் பேச்சுக்கு முன்னால் கை வரும். ஒரு முறை தூக்கு எந்திரம் ஓட்டும் விஞ்ச் டிரைவர் ஒருவர் சிக்னலைத் தவறவிட்டதற்கு, அவர் நெற்றியில் வாக்கி டாக்கியை அடித்தே உடைத்தார். கண்ணுக்குள் ரத்தம் வழிய அந்த ஆள் நின்றபோது இவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. "வாக்கி டாக்கி ஒடஞ்சா கம்பெனி வேற குடுக்கும். மண்ட ஒடஞ்சா ஆஸ்பத்திரில தைப்பான். நேரம் போனா எவம்ல தருவான்?" காலையில் வேலைக்கு வருகிறவர்கள், "இன்னிக்கி யாருக்கு ஞானஸ்நானம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் கப்பலின் அடித்தளத்தில் தடிகள் சரிந்து ஒருவன் மாட்டிக்கொண்டபோது, மற்றவர்கள் மேலே நின்று பார்க்க, தனியாக இறங்கி அவனைத் தோளில் போட்டுக் கொண்டுவந்ததும் இதே ஆள்தான். மேலே வந்ததும், தவறான இடத்தில் நின்றதற்காக அவனை ஓங்கி அறைந்தார்.

என்னை அவர் அடித்ததில்லை, கேலிதான். "ஏளா இன்ஜினியர், ஒம் பேனா எத்தன டன் தூக்கும்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன்.

தடிகளைச் சுற்றிக் கட்டித் தூக்கும் கம்பி வடத்துக்கு ஸ்லிங் என்று பெயர். விபத்துக்கு முந்தைய நாள், பன்னிரண்டாம் எண் ஸ்லிங்கில் ஒரு முழ நீளத்துக்குள் பதினோரு இழைகள் அறுந்திருப்பதைப் பார்த்தேன். தகாது என்று முடிவு செய்து சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். அத்தோடு வேலை முடியவில்லை. தள்ளுபடியான ஸ்லிங்கின் வளையத்தை வெட்டிவிட வேண்டும். முழுதாக இருக்கும் எதையும் அவசரத்தில் யாராவது மாட்டிவிடுவார்கள். கேஸ் கட்டர், அடுத்த கப்பல் நிற்கும் பெர்த்தில் இருந்தது. ஆள் அனுப்பச் சொன்னேன். ஃபோர்மேன் கையிலிருந்த, வடத்தைக் கொக்கியோடு பூட்டும் இரும்பு ஷேக்கிளை என் காதுக்குப் பக்கத்தில் எறிந்தார். அது ஷெட்டின் தகரத்தைப் பொத்துக்கொண்டு போனது. "சாயங்காலத்துக்குள்ள தடிய எறக்கணும், நீ கத்தரிச்சு வெளையாடுதியா? நாளைக்கி வெட்டு போ." நான் பதிவேட்டைத் திறந்தேன். நாளைக் காலையில் வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, 'வெட்டி அகற்றப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மறுநாள் காலை வேறு ஒரு கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டாம் எண் ஸ்லிங் ஒரு கட்டுத் தடியோடு மேலே போய் அறுந்தது. தடிகள் கப்பலுக்குள்ளேயே விழுந்தன. அறுந்த வடம் மட்டும் சாட்டைபோல் திரும்பி வந்து ஃபோர்மேனின் தொடையைக் கிழித்தது. அப்போதுதான் திரும்பி வந்த நான் நாற்பதடி தூரத்தில் நின்றேன். ஓடியபோது என் மனதில் கருணை எதுவும் இல்லை. அந்த டிக் மட்டும்தான் இருந்தது.

நான்காவது அடிக்குப் பிறகுதான் ஒருவர் வந்து அவர் கைகளைப் பிடித்து அமுக்கினார். நெற்றியில் தையல் போட்ட அதே விஞ்ச் டிரைவர். அதுவரை அவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் நின்றார் என்று நான் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸிலும் கையை எடுக்காமல் மண்டியிட்டே போனேன். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு சிஸ்டர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நுழைத்து, "நான் பிடிச்சுட்டேன், நீங்க விடலாம்" என்றார். விரல்கள் மரத்துப்போய் விடவே முடியவில்லை. இன்னொரு கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஃபோர்மேன் அரை மயக்கத்தில் அந்த சிஸ்டரின் முகத்தில் துப்பினார், கெட்ட வார்த்தை சொன்னார், நல்ல காலால் உதைத்தார். சிஸ்டர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிபட்டது எத்தனை மணிக்கு?" என்று என்னிடம் கேட்டார். "ரெண்டு இருபத்தஞ்சு" என்றேன். அதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. இந்த ஆள் யார், நல்லவனா, உன் உதடு ஏன் கிழிந்திருக்கிறது, எதுவும் இல்லை. இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. ஃபோர்மேன் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. விசாரணையில் அறுந்த வடத்தின் வளையத்தை யாரும் பார்க்கவில்லை, பதிவேட்டைத்தான் பார்த்தார்கள், அது சுத்தமாக இருந்தது. அகற்றப்பட்ட ஸ்லிங்கை எடுத்து மாட்டியவர் என்று அவர் வேலையும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

பிளஸ் டூவில் நான் உயிரியல் படிக்காதவள். இங்கே நர்சிங் கல்லூரிக் கதவு எனக்குத் திறக்காது. வேறு பட்டம் வாங்கியவர்களை இரண்டு வருட முதுகலைப் படிப்பில் நர்ஸ் ஆக்கும் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டில் உண்டு என்று தெரிந்து, அதில் ஒன்றுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தேன். ஏரலில் கடை வைத்திருக்கும் அப்பாவிடம் சொன்னபோது அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்ஜினியர் பொண்ணுன்னு சொல்லி மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கேன். இப்பப் போயி பீ மூத்திரம் அள்ளப் போறேன்னா, வாரவன்கிட்ட நான் என்னத்தளா சொல்ல?" என்றார். "அள்ளத் தெரிஞ்ச பொண்ணுன்னு சொல்லுங்கப்பா" என்றேன். பருப்பு வாங்க வந்த அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

பட்டியல் போட்டேன். மதிப்பெண் சான்று, ஆங்கிலத் தேர்வு, பேராசிரியர் கடிதம், ஏன் இந்த மாற்றம் என்று ஒரு கட்டுரை. இந்த நான்குக்கும் டிக் விழுந்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டேன். நான் நேரடியாகப் பராமரித்த ஒருவரிடமிருந்து, அவர் தாய்மொழியில் இருந்தாலும் சரி, ஒரு கடிதம் வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சொந்த ஊரான பெரியதாழைக்குத் திரும்பிப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகியதால் அக்கா என்று கூப்பிடுவேன். "சேசுவே, இன்ஜினியரம்மாவா? உள்ள வா. அவரு கம்பு எட்டாத தூரமாப் பாத்து உக்காரு" என்றார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். ஃபோர்மேன் சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். ஊன்றுகோல் மடியில் குறுக்கே கிடந்தது. என்னைப் பார்த்ததும், "என்னளா, மிச்சக் காலுக்கும் செவப்பு பெயிண்டு அடிக்க வந்தியா?" என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். உடம்பு குலுங்கச் சிரித்தார். "எங்கிட்ட அடி வாங்குனதுக்கு வெளிநாட்டுல சீட்டு குடுக்கானுவளா? அப்ப ஹார்பர்ல பாதிப் பேருக்குக் குடுக்கணுமே." பிறகு சிரிப்பு நின்றது. "குடுக்கேன். ஆனா முழுசாத்தான் குடுப்பேன். வெட்டாத ஸ்லிங்க வெட்டியாச்சின்னு எழுதுன பாரு, அதயும் சொல்லுவேன். சம்மதமா?"

வழி முழுக்க நான் பயந்து வந்த கேள்வி அதுதான். "சொல்லுங்க" என்றேன்.

"செவப்பப் பாத்துக்கிட்டேதான் நானும் மாட்டச் சொன்னேன். அதயும் எழுதுளா" என்றார் மனைவியிடம். அக்கா நாசரேத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ வரை படித்தவர், அழகான கையெழுத்து. ஃபோர்மேன் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். மூன்று முறை அடித்தேன், அவள் கையை எடுக்கவில்லை என்று அவர் சொன்ன இடத்தில் நான், "நாலு" என்றேன்.

"மூணுதான்."

"நாலுன்னு எழுதுதேன்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல். "உம்ம கணக்கு எப்பவும் ஒண்ணு கொறயும்."

ஊன்றுகோல் தரையில் படீரென்று இறங்கியது. அக்கா பேனாவை எடுக்காமலேயே, தாளோடு முக்காலியோடு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து வரியை முடித்தார். அந்த நகர்வில் ஒரு பழக்கம் இருந்தது. தாளை அமுக்கியிருந்த அவர் இடது மணிக்கட்டை அப்போதுதான் பார்த்தேன். எலும்பு உடைந்து, யாரும் நேராக்கிக் கட்டாமல், கோணலாகக் கூடியிருந்தது. பழைய காயம் இல்லை. ஆஸ்பத்திரி நாட்களில் அந்தக் கை நேராக இருந்தது. பார்த்தேன். அவர் கொண்டுவந்த டீயைக் குடித்தேன். கடிதம் உறையில் போட்டு என் கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். ஃபோர்மேனின் கையொப்பத்துக்குக் கீழே அதே அழகான எழுத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. 'இது அவர் மனைவி எழுதுவது. இவருக்குக் கால் போன பிறகுதான் என் கை உடைந்தது. இந்தப் பெண் அன்றைக்குக் கையை எடுத்திருந்தால் என் கை உடைந்திருக்காது. எடுக்கவில்லை. ஆள் யாரென்று பார்க்காமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் நர்ஸ் வேலை என்றால், இவளுக்கு அந்த வேலை தெரியும்.'

மொழிபெயர்த்துச் சான்றளிக்கும் அலுவலகத்தில், "மேடம், கையெழுத்துக்குக் கீழ இருக்கிறது கணக்கில்ல, விட்டுரலாம். ஸ்லிங் விஷயமும் உங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். மூன்று நாள் அந்தத் தாளை வீட்டிலேயே வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டால் எனக்கு இடம் நிச்சயம் என்றும், அப்படி விடுவது இன்னொரு டிக் என்றும் மாறி மாறித் தோன்றியது. நான்காம் நாள் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்க்கச் சொன்னேன். கம்பெனிக்கும் அந்தப் பதிவேட்டைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். மறுநாளே என்னைச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்து, ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள்.

நேர்காணல் கணினித் திரையில் நடந்தது. மூன்று பேர். ஸ்லிங்கைப் பற்றிக் கேட்பார்கள் என்று பதில்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், கேட்டார்கள், சொன்னேன். கடைசியாக, அதுவரை பேசாமல் இருந்த நரைத்த பெண்மணி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கையை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"என்ன செய்தீர்கள்?"

என்னிடம் அதற்குப் பட்டியல் இல்லை. "டீ குடித்தேன்" என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நன்றி சொல்லித் திரையை அணைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து இடம் வந்தது. அந்தப் பதிலால் வந்ததா, அதை மீறி வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா இப்போது கடைக்கு வருகிறவர்களிடம், "வெளிநாட்டுல மேல்படிப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். துறைமுகத்தில் என் இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார்.

செய்தி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியதாழைக்குப் போனேன். அக்கா வாசலில் நின்று மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். "அக்கா, அந்தக் கையக் காட்டுங்க" என்றேன். உள்ளேயிருந்து, "யாருளா அங்கன?" என்ற குரலும், ஊன்றுகோல் தரையில் ஊன்றி எழும் சத்தமும் வந்தன. அக்கா திரும்பி வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்து, என் பக்கம் நீட்டினார்.