செண்பகத்தின் ஜாதகமும் வெளுத்த திரையும்

போன வாரம் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கணினி முன்னால் இருந்த பெண் ஒரு பொத்தானை அமுக்கியதும் திரை மெல்ல வெளுத்தது. அவள் மவுஸைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவரின் சாக்குப்பையிலிருந்து எலுமிச்சை வாசம் வந்தது. திரை வெளுப்பதைப் பார்க்கிறபோது எலுமிச்சை வாசமும் அடித்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். சும்மா சொல்லவில்லை. என் முதல் வேலையில் நான் பட்ட குழப்பம் அப்படி.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னைக்கு அனுப்ப அம்மா சம்மதிக்காததால் ஊரிலேயே வேலை தேடிக்கொண்டவள் நான். ரத வீதியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் அண்ணாச்சி ஒருவர் திருமணத் தகவல் மையம் வைத்திருந்தார். 'கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்க்கப்படும்' என்று பலகை மாட்டிய பிறகுதான், பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்று வேண்டும் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. அதை எழுத என்னை வைத்துக்கொண்டார். கீழே எவர்சில்வர் குடம் உருளும்போதெல்லாம் மேலே என் மேசையும் அதிரும். அந்த அதிர்வுக்கு நடுவே விஷுவல் பேசிக் என்ற கணினி மொழியில் எழுதி முடித்தேன். பிறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால் அதுவே நட்சத்திரத்தைக் கணித்து மேலே ஒரு கட்டத்தில் காட்டும். 'தேடு' பொத்தானை அமுக்கினால், சேர்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளை ஜாதகங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிடும். நான்தான் எழுதினேன் என்று தெருவில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. தேட ஆரம்பித்துவிட்டால் புரோகிராம் தலையைக் குனிந்துகொள்ளும். எல்லா ஜாதகத்தையும் பார்த்து அந்தச் சுற்று முடியும்வரை வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காது. விண்டோஸ் அவ்வப்போது கதவைத் தட்டி, இருக்கிறாயா என்று கேட்கும். உள்ளேயிருந்து சத்தமே வராது. உடனே திரை வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்துவிடும். வேலை என்னவோ உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். அதை வந்தவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரி ஒருவர் மகள் செண்பகத்தோடு வந்தது அந்தச் சமயத்தில்தான். அண்ணாச்சிக்கென்று ஒரு பை நிறைய எலுமிச்சை கொண்டுவந்திருந்தார். அறையே மணத்தது. செண்பகம் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நான் பொத்தானை அமுக்கினேன். திரை வெளுத்தது.

"என்ன தாயி, வெளிறிப் போச்சு?"

"தேடுது ஐயா. கொஞ்சம் பொறுங்க."

"மேல இங்கிலீசுல என்னமோ எழுதுதே?"

நான் வாய் திறப்பதற்குள் செண்பகம் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "பதில் சொல்ல மாட்டேங்குதுன்னு போட்டிருக்குப்பா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. என் ஜாதகத்தைப் பார்த்து ஒரு இயந்திரம் அப்படிச் சொன்னால் நானும்தான் எழுந்திருப்பேன். "வாட்டி, போவோம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர்கள் தெருமுனை தாண்டியிருப்பார்கள். திரை தெளிந்து, பொருத்தமான மாப்பிள்ளைகளின் பெயர்கள் அழகாக வரிசையில் வந்து நின்றன. அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏட்டி, வந்த ஆள வெரட்டவா நான் இந்தப் பொட்டிய வாங்கி வச்சேன்?" போன் போட்டும் பார்த்தார். சகுனம் சரியில்லை, இப்போதைக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

தடித்த புத்தகங்களைப் புரட்டி மருந்தைக் கண்டுபிடித்தேன். சுற்றுக்கு நடுவே 'டூ ஈவென்ட்ஸ்' என்று ஒரே ஒரு வரி. நிமிர்ந்து வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடரு என்று அதற்கு அர்த்தம். முதலில் ஒவ்வொரு ஜாதகத்துக்கும் நிமிரச் சொன்னேன். நிமிர்ந்து நிமிர்ந்தே அதற்கு நேரம் போய்விட்டது, தேடல் நத்தையாக ஊர்ந்தது. பிறகு நூறு ஜாதகத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்தால் போதும் என்று மாற்றினேன். திரை வெளுக்கவில்லை. எவ்வளவு முடிந்தது என்று காட்ட நான் திரையின் அடியில் வைத்த நீலப்பட்டை நகர்ந்துகொண்டே வந்தது. எனக்கு ஆடித்தபசில் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுப்பதைக் கண்ட மாதிரி இருந்தது.

நாலு வருஷம் கழித்து செண்பகமும் அப்பாவும் திரும்ப வந்தார்கள். திருநெல்வேலியில் நர்சிங் முடித்திருந்தாள். ஆள் நிமிர்ந்திருந்தாள். "நான் அமுக்கட்டாக்கா?" என்று கேட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை வந்தவர்கள் யாரும் மவுஸைத் தொட்டதில்லை. பட்டை நகர்ந்தது, பட்டியல் வந்தது. சிவகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிற பையன் அவள் அப்பாவுக்குப் பிடித்துப்போனான். பெண் பார்க்க நாளும் குறித்துவிட்டார்கள்.

மறுநாள் வேறு எதையோ சரிபார்க்கும்போது அவள் பிறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்துத் திரும்பத் தேடினேன். சிவகிரி மாப்பிள்ளை வரவே இல்லை. இன்னொரு தடவை தேடினேன். அப்போதும் இல்லை. நேற்று வந்த பெயர் இன்று எங்கே போகும்? எழுதியதை வரிவரியாகப் படித்தேன். மத்தியானத்துக்கு மேல்தான் பொறி தட்டியது. தேடும்போது திரை உயிரோடு இருக்கிறதென்றால், தேடலுக்கு நடுவிலேயே யார் வேண்டுமானாலும் மேலே இருக்கும் கட்டத்தில் நட்சத்திரத்தை மாற்றிவிடலாம்; நேற்று என் நாற்காலியில் இருந்தது செண்பகம். என் புரோகிராம் ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பாதி ஒரு நட்சத்திரத்துக்கும், மறுபாதி வேறொன்றுக்கும் பொருத்தம் பார்த்திருக்கிறது!

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அப்போதே சட்டையை மாட்டினார். "பொண்ணு பாக்கப் போறதுக்கு முந்தி சொல்லிருவோம். கெளம்பு."

புளியங்குடி பஸ்ஸில் போகிற வழியெல்லாம், நட்சத்திரம் எப்படி மாறும், நூறுக்கு ஒரு தடவை ஏன் நிமிர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல எனக்கே புரியாமல் போனது.

அங்கே போனால் செண்பகத்தின் அப்பா சிரித்தார். "எங்க ஜோசியர் கையால கணக்குப் போட்டுப் பாத்துட்டாரு அண்ணாச்சி. அமோகமான பொருத்தமாம்!"

சொல்ல வந்ததைத் தள்ளிவைத்துவிட்டு அண்ணாச்சி அவரோடு வேறு பேச்சில் இறங்கினார். செண்பகத்தைத் தனியாகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"ஏட்டி, தேடும்போது மேல நட்சத்திரத்த மாத்துனியா?"

"ஆமாக்கா. நான் ரோகிணி. உங்க பொட்டி மிருகசீரிடம்னு போட்டிருந்துச்சு. பாதியிலதான் பாத்தேன். தப்பா இருக்கேன்னு திருத்துனேன்."

அவள் இரண்டு நட்சத்திரங்களின் எல்லையில் பிறந்தவள். அவர்கள் ஜோசியர் பழைய கணக்கான வாக்கியப் பஞ்சாங்கப்படி பார்ப்பவர். நான் எழுதியது திருக்கணிதம், திருத்திய புதுக் கணக்கு. அதில் ரோகிணி, இதில் மிருகசீரிடம். அப்படியென்றால் பட்டியலில் எந்தப் பாதி தப்பு, எந்தப் பாதி சரி? அங்கிருந்த பூவரச மரத்தடியில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

செண்பகம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "இது கெடக்கட்டும்க்கா. மொத தடவ வந்தப்ப தெர வெளுத்துச்சுல்லா? அன்னிக்கு அப்பா எந்திரிச்ச பொறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதுனாலதான் நர்சிங் படிச்சேன். அத எதுக்குச் சரி பண்ணுனீங்க?"

அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

கல்யாணம் நடந்தது. நன்றாகவே இருக்கிறார்கள். கடையைப் புருஷன் பார்த்துக்கொள்கிறார், அவள் ஆஸ்பத்திரி வேலையை விடவில்லை. நான் திரும்பி வந்து, தேடல் தொடங்கியதும் நட்சத்திரத்தை ஒரு தடவை மட்டும் குறித்துக்கொள்ளும்படியும், முடியும்வரை அந்தக் கட்டம் மங்கிக் கிடக்கும்படியும் மாற்றி எழுதினேன். கோளாறு போய்விட்டது. ஆனால் அதன் பிறகு எந்தப் பெண்ணாலும் பாதியில், இது தப்பு என்று கைவைத்துத் திருத்த முடியவில்லை. ஒரு கோளாறைப் போக்கினேனா, இன்னொன்றை உண்டாக்கினேனா என்று யோசித்தால் அந்தப் பூவரச மரத்தடியில்தான் போய் நிற்பேன்.

வரன் பார்ப்பதெல்லாம் செல்போனுக்குப் போன பிறகு மாடிக்கு யாரும் ஏறவில்லை. அண்ணாச்சி மையத்தை மூடினார். கணினியை விற்கும் முன்னால், ஊரார் ஜாதகம் வேறு கைக்குப் போகக் கூடாது, எல்லாவற்றையும் அழித்துவிடு என்றார். அதற்கும் ஒரு சுற்று எழுதினேன். பழக்கதோஷத்தில் நகரும் பட்டையையும், பக்கத்தில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தானையும் வைத்துவிட்டேன். ஓடவிட்டோம். கடைசிவரை வரன் அமையாதவர்களின் பெயர்களும் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றி மறைந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப அமுக்குனா நிக்குமா?"

"நிக்கும் அண்ணாச்சி."

"அழிஞ்சதெல்லாம் திரும்ப வருமா?"

"வராது. மிச்சம்தான் இருக்கும்."

அவர் மவுஸின் மேல் கையை வைத்தார். பட்டை கடைசிக்குப் போய்ச் சேரும்வரை வைத்துக்கொண்டே இருந்தார்.