அரவிந்தன் விழுங்காத மாத்திரைகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பத்து மா குத்தகை நிலம் பார்க்கும் அரவிந்தனுக்கு, தான் பெரிய சாமர்த்தியசாலி என்று ஒரு நினைப்பு. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து நாலு வருடம். மனைவி பூர்ணிமாவுக்கும் தெரியும். அவளுக்கு நோய் இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போட்டதில், ரத்தத்தில் கிருமியே தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரையை விடாமல் போட்டால் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

பிள்ளை என்ற பாதி மட்டும்தான் இவன் காதில் ஏறியது. வயல் நிறைந்தால் மடையை அடைப்பதுதானே முறை? மாத்திரையை நிறுத்திவிட்டான். மாதாமாதம் வாங்கிய டப்பாக்கள் யூரியா மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரி ஆலோசகர் செம்மொழி புது ரிப்போர்ட்டை நீட்டினார். கிருமி எண்ணிக்கை என்ற இடத்தில் எண்பத்திரண்டாயிரம்.

"என்ன மேடம், லாட்டரி நம்பரா?"

செம்மொழி சிரிக்கவில்லை. "மாத்திரைய நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"மூணு மாசம்." ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரத்தத்துலதான் இல்லைன்னீங்களே! எங்கேர்ந்து வந்துச்சு?"

"உடம்புல சில அணுக்களுக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு. மருந்து நின்னதும் முழிச்சுக்குச்சு. நோயை எதிர்க்கிற அணுக்கள் உடம்புக்குள்ள அங்கங்க நெருக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். கிருமி புடிச்ச அணு பக்கத்து அணுவைத் தொட்டா போதும், தொட்ட இடத்துலயே கிருமியத் தள்ளிவிட்டுடும். ரத்தத்துல இறங்கி நீந்தித்தான் வரணும்னு இல்ல."

அரவிந்தன் முகம் வெளுத்தது. "வாய்க்கால்ல ஒரு சொட்டு இருக்காது. நண்டு வளை வழியா இந்த வயல் தண்ணி அந்த வயலுக்குப் போயிடும். அப்படியா?"

"அப்படியேதான்."

நண்டு வளை அடைப்பதில் ஊரிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வரப்பில் கால் வைத்தாலே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவான்.

"வீட்டுக்காரங்களோட கடைசியா எப்ப சேர்ந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. பிள்ளைக்காக மேடம், ஆணுறை கூட…"

"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள அவங்க தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கணும். இன்னிக்கே வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி நடந்தத டெஸ்ட்தான் சொல்லணும்."

பூர்ணிமா நடவு வயலில் இருந்தாள். போனில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

"மாத்திரை போட தினம் தண்ணி மொண்டு கொடுத்தேனே?"

"தண்ணிய மட்டும் குடிச்சேன்."

"அங்கேயே நில்லு. அசைஞ்சே, கால ஒடிச்சிடுவேன்."

ஏழு வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக அவள் பேச்சில் 'ங்க' போனது.

ஒன்றரை மணி நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள், சேறு காய்ந்த காலோடு. அவனைத் திரும்பியும் பார்க்காமல் ரத்தம் கொடுத்தாள். இப்போதைக்கு நோய் தெரியவில்லை, ஆறு வாரம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் பார்த்தால்தான் உறுதி என்றார் செம்மொழி. பூர்ணிமா தன் மாத்திரையை விழுங்கிவிட்டு வெளியே வந்தாள். டாக்டர் மறுபடி எழுதிக்கொடுத்த மாத்திரையோடு அவன் நின்றுகொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"அப்புறமா அழுவலாம். வாயைத் தொற."

திறந்தான். அவளே நாக்கில் வைத்தாள்.

"முழுங்கினியா? நாக்கத் தூக்கிக் காட்டு."

வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, முப்பத்திரண்டு வயது சாமர்த்தியசாலி நாக்கைத் தூக்கிக் காட்டினான்.