எட்டாவது ஆளை ஏற்றாதவன்

என் தம்பி இதுவரை வென்றவை: மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சல், அந்தக் காய்ச்சலில் இடது காது கேட்காமல் போயும் பதினோரு பேரைத் தாண்டிக் கிடைத்த லிப்ட் இயக்கும் வேலை, நான்காம் முயற்சியில் மாமனாரின் சம்மதம், ஆஸ்பத்திரி ஊழியர் கேரம் போட்டியில் இரண்டாம் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம். அது ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. கணக்குப் பரீட்சையைச் சேர்க்க முடியாமல் இந்தப் பட்டியலை நான் இரண்டு முறை மூடி வைத்திருக்கிறேன்.

லிப்டின் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய பார்வையாளர் சீட்டுகளின் பின்பக்கத்தில் அவன் கணக்குப் போடுவான். கதவு திறந்தால் பென்சில் காதில் ஏறிவிடும். கேட்காத காதில். "அதுக்கும் ஒரு வேலை வேணாமா?" என்பான்.

முழுக்கள் அவனுக்குத் தளங்கள். மைனஸ் ஒன்று வண்டி நிறுத்துமிடம், பூஜ்ஜியம் வரவேற்பறை, ஒன்று எக்ஸ்ரே. பரீட்சைக்காகப் போகும் மாலை வகுப்பில், கூடுதல் பூஜ்ஜியம் வரும் மூன்று அடுத்தடுத்த முழுக்களைக் கேட்டபோது மற்றவர்கள் நோட்டைப் புரட்ட, இவன் "பார்க்கிங், வரவேற்பு, எக்ஸ்ரே" என்றானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் லிப்ட் இரட்டைப்படைத் தளங்களில் மட்டும் நிற்கும். அதனால் ஓர் இரட்டை எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போக ஏன் இரண்டைக் கூட்டுகிறோம் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வயதுக் கணக்குகள்தான் அவனுக்கு ஆகாது. மகனுடைய வயதின் மூன்று மடங்கு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இத்தனை என்று வந்தால் கோபித்துக்கொள்வான். "அப்பன்கிட்ட நேரா கேட்டா சொல்லிட்டுப் போறான். எதுக்குக்கா இப்படிச் சுத்தி வளைக்கிறாங்க?"

சுற்றி வளைத்தாலும் அவன் தேறியாக வேண்டும். அடுத்த ஆண்டு முதல் லிப்டுக்கு ஆள் கிடையாது, வருகிறவர்களே பொத்தானை அமுக்கிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பராமரிப்புப் பிரிவுக்கு மாறினால் வேலை நிலைக்கும். அதற்கு உரிமம் வேண்டும்; உரிமத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தைந்து மதிப்பெண் வேண்டும். மூன்று முறைதான் எழுத விடுவார்கள். முதல் முறை முப்பத்திரண்டு எடுத்தான், இரண்டாம் முறை முப்பத்துமூன்று.

"அடுத்தடுத்த முழுக்கள்க்கா," என்றான். "மூணாவது முப்பத்திநாலுதான் வரும். அதுவும் பெயில்தான்." சிரித்துக்கொண்டே சொன்னாலும் அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள், தையல்காரி. இரண்டு விடைத்தாள்களின் நகலையும் வாங்கி, வெட்டும் மேசையில் துணியைப் போல விரித்து, வரி வரியாகப் பார்த்தேன். கூட்டல் சரி, வகுத்தல் சரி. 'மிகாமல்' என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் தவறியிருந்தான். மூன்று அடுத்தடுத்த முழுக்களின் கூடுதல் நாற்பத்தைந்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், அவை அதிகபட்சம் எவை என்று ஒரு கேள்வி. இவன் 13, 14, 15 என்று எழுதியிருந்தான். கூட்டினால் நாற்பத்திரண்டு. 14, 15, 16 சரியாக நாற்பத்தைந்து வரும், அதுவும் மிகாததுதான். அந்த நாற்பத்தைந்தை இவன் தொடவே இல்லை. குறைவு என்பதற்கான கூர்க்குறிக்குக் கீழே, சமமாகவும் இருக்கலாம் என்று காட்ட, மடிப்புத் தையல் மாதிரி ஒரு சின்னக் கோடு போட வேண்டும். இரண்டு தாள்களிலும் ஓரிடத்தில்கூட அந்தக் கோடு இல்லை.

ஏன்டா என்று கேட்டேன். லிப்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று திருப்பிக் கேட்டான். 'எட்டுப் பேருக்கு மிகாமல்' என்று எழுதியிருக்கிறது.

"நான் ஏழு பேருக்கு மேல ஏத்த மாட்டேன்க்கா. கதவு சாத்துறப்ப யாராவது ஓடி வருவாங்க. ஆஸ்பத்திரில ஓடி வர்றவங்களைப் படியில போன்னு சொல்ல முடியுமா?"

ஒருமுறை ரத்தப் பையோடு ஒரு நர்ஸ் ஓடி வந்தாராம். இன்னொரு முறை, ஒரு கால் செருப்பை வழியில் விட்டுவிட்டு ஒரு தகப்பன். ஆஸ்பத்திரியில் இவனுக்கு 'ஏழு' என்று பட்டப்பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "ஏழு சாப்பிட்டாச்சா?" என்று டாக்டர்களே கேட்பார்களாம்.

"தாள்ல யாரும் ஓடி வர மாட்டாங்கடா," என்றேன்.

அவன் பென்சிலைக் காதில் ஏற்றிக்கொண்டான். அடுப்படியிலிருந்து அவன் மனைவிதான் பேசினாள். "அப்படியே வந்தாலும் இந்த ஒரு தடவை படியில போகட்டும், அண்ணி. நம்ம பொழப்பைப் பார்ப்போம்."

மூன்றாம் பரீட்சையில் நான்கு அடுத்தடுத்த முழுக்கள், எழுபதுக்கு மிகாமல். எழுதிவிட்டு நேராக என் கடைக்கு வந்தான். "16, 17, 18, 19. கோடு போட்டுட்டேன்க்கா. போடுறப்ப கை கூசிச்சு, யாரையோ வெளிய நிறுத்திட்டுக் கதவைச் சாத்துன மாதிரி." முடிவு வந்தது: நாற்பத்தொன்று. "வரிசை உடைஞ்சிடுச்சு," என்று மட்டும் சொன்னான்.

லிப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே பரிசோதனை அட்டை ஒன்று இருக்கும். பதினாறு ஆண்டுகளாக வெளியிலிருந்து வரும் கம்பெனி மெக்கானிக்குகள் அதில் யாருக்கும் புரியாதபடி கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். இவன் அவர்களுக்கு டார்ச் பிடித்தான். உரிமம் கைக்கு வந்த மறுவாரம் என்னையும் வரச் சொல்லியிருந்தான். கயிறு, பிரேக், கதவு என்று எல்லாவற்றையும் தானே பார்த்தான். பிறகு அட்டையை எடுத்துச் சுவரில் வைத்து அழுத்தி, கம்பெனிக்காரர்கள் கிறுக்கிய வரிகளுக்குக் கீழே, யார் வேண்டுமானாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி, கடைசிப் புள்ளிவரை தன் முழுப்பெயரை எழுதினான். பக்கத்துக் கட்டத்தில் தேதியைப் போட்டான்: மார்ச் 17, செவ்வாய்.