கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்பு வாங்கினேன்

குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கடல். ஆனாலும் இன்று கடல்மீனும் பவளமும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு உப்பு வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன்.

இரண்டு உப்பு வாளிகளில் எது நல்லதென்று கடைக்கார நானாவிடம் கேட்டேன்.

"மீன் மட்டுமெண்டா இது காணும். பவளமும் வளக்கிறெண்டா கல்சியம் கூடின மத்ததை எடுங்க தம்பி."

"கடல்தண்ணி சரிவராதா நானா? சின்னனில ஊறுகாய்ப் போத்தல்ல கடல்ல பிடிச்ச ஒரு வரிமீன் வளத்தம். தண்ணி மாத்தின அண்டைக்கே செத்துப்போச்சு."

"எங்க மொண்ட தண்ணி?"

"மாரியில வெள்ளம் வடிய ஆத்துவாய் வெட்டுறதப் பாக்கப் போன இடத்தில."

நானா சிரித்தார். "வாவித் தண்ணியெல்லாம் கடலுக்கு இறங்கிற இடம். நீங்க மொண்டது மழைத்தண்ணி தம்பி."

பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் நானும் அக்காவும் அந்தப் போத்தலுக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கிடப்போம். சோறு போட்டு மீனைக் கொன்றது அவள்தான் என்று அவளுடைய கலியாண வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கடை வாசலில் நின்றே டோஹாவில் இருக்கும் அக்காவுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"ஆனா சோறு போட்டது உண்மதான்டா."

கல்சியம் கூடிய வாளியோடு வீடு வந்துவிட்டேன். இந்த மீனும் செத்தால் பழி போட வீட்டில் ஆளில்லை. யாராவது வருகிறீர்களா?