கண்டக்டர் சம்பத்தின் முன்பல்

ஆவடி–பூந்தமல்லி தடத்தில் பதினெட்டு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறார் சம்பத். இப்போது கிழிப்பதில்லை, மெஷினில் தட்டுகிறார்; ஆனாலும் பேச்சில் கிழிப்பதுதான். வெள்ளானூர்க்காரர், வயது ஐம்பத்தொன்று. டிப்போவில் அவருக்கு 'வாய்க்கார சம்பத்து' என்று பெயர். படியில் தொங்குகிற கல்லூரிப் பையனைப் பார்த்து, "ராஜா, உள்ள வா. நீ உழுந்தா உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உன் ஆளுக்கு எவன் பதில் சொல்றது?" என்பார். பஸ்ஸே சிரிக்கும், பையனும் வெட்கப்பட்டுக்கொண்டு மேலே ஏறிவிடுவான். சில்லறைக்காகச் சண்டை பிடிக்க வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று போகிறவரைக்கும் இப்படித்தான் இருந்தது.

பல் போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் ஜஸ்டின் பிரேக்கை மிதித்தார். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த சம்பத்தின் முகம் போய் சீட்டுக் கம்பியில் இடித்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் கறுத்து, ஆட்டம் கண்டு, ஆறு மாதத்தில் பிடுங்கிப்போட வேண்டியதாயிற்று.

ஒரு பல்தானே என்று இருந்துவிட்டார். ஆனால் அந்தச் சந்து வழியாகக் காற்றுப் போனது. "சென்னீர்குப்பம் எறங்கு" என்று அவர் குரல் கொடுத்தால் பின்சீட்டிலிருந்து இரண்டு பையன்கள் குக்கர் ஆவி போகிற மாதிரி சத்தம் கொடுத்தார்கள். கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று வாங்கினார். ஒருநாள் விசில் ஊதியபோது அதுவும் சேர்ந்து வெளியே வந்து, படியில் பட்டு, ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ அதன்மேல் ஏறிப்போனது.

"யாரோ ரன்னிங்ல எறங்கிட்டாங்கன்னு பார்த்தா, உன் பல்லு எறங்கிகீது மாமே!" என்றார் ஜஸ்டின். பதினோரு வருஷப் பழக்கம், உரிமையோடு சிரித்தார்.

சம்பத்தும் சிரித்தார், கையால் வாயை மூடிக்கொண்டு. அதற்குப் பிறகு அந்தக் கை வாயைவிட்டு இறங்கவே இல்லை. ஸ்டாப் பெயரைச் சொல்வதை விட்டார். பதில் கொடுப்பதை விட்டார். டிக்கெட், மிச்சம், அவ்வளவுதான். வீட்டிலும் மௌனம்.

அவர் மனைவி தாட்சாயிணி முகப்பேரில் ஒரு ஃப்ளாட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். அதே தெருவில் டாக்டர் ரோஷினியின் பல் கிளினிக் இருந்தது. "உன்ன கட்டிக்கினு வந்ததே நீ பேசுன பேச்சுக்காவதான். அதுவும் இல்லன்னா நான் எதுக்கு இந்த ஊட்ல குந்திகினு கீறேன்?" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள்.

வார விடுமுறை அன்று போனார்கள். சம்பத் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். டாக்டரிடம் காக்கியோடு போவது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் விடுமுறை நாளாகப் பார்த்து, அந்தச் சட்டையோடுதான் போனார்.

டாக்டர் ரோஷினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பொறுமையாகப் பேசினார்.

"ரெண்டு வழி இருக்கு சார். பக்கத்துல இருக்கிற பல்லு ரெண்டையும் ராவி, மூணுக்கும் சேர்த்து மேல ஒரு உறை மாட்டலாம். பிரிட்ஜ்னு சொல்லுவோம். ஆனா அந்த ரெண்டும் நல்ல பல்லு. ராவினது திரும்ப வளராது. இன்னொண்ணு இது." மேஜையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார்.

"இன்னா மேடம், ஸ்குரு மாரி கீது?"

"ஸ்குருவேதான். டைட்டானியம். தாடை எலும்புல துளை போட்டு இதை முடுக்கி, மேல பல்லு வைப்போம்."

"எத்தப் போட்டு ஒட்டுவீங்கோ?"

"ஒண்ணும் போட்டு ஒட்டமாட்டோம். உங்க எலும்பே வந்து பிடிச்சுக்கணும்."

சம்பத் மனைவியைப் பார்த்தார். அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"இதோட மேல்பக்கம் சொரசொரன்னு இருக்கும், தொட்டா தெரியாது," என்றார் டாக்டர். "அதுல எலும்பு கொஞ்சம் கொஞ்சமா படர்ந்து இறுகிடும். வேற இரும்புன்னா உடம்பு வெளிய தள்ளப் பார்க்கும், டைட்டானியத்தை ஏத்துக்கும். ஆனா நாலு மாசம் ஆகும். மொதல்ல அது இறுக்கத்துல மட்டும்தான் நிக்கும், செவுத்துல ஆணி நிக்கிற மாதிரி. ரெண்டு மூணு வாரம் போனா பழைய எலும்பு சுத்தி லேசா கரையும், புதுசு அப்பதான் வர ஆரம்பிச்சிருக்கும். அதுதான் ஆபத்தான நேரம். உங்களுக்கு வலியே இருக்காது. எல்லாம் சரியாயிடுச்சுன்னு தோணும்."

"ஊட்டுக்குத் தளம் போட்டப்போ மூணு வாரம் சென்ட்ரிங் பலகை பிரிக்கல மேடம். அந்த மாரிதானே?"

"கிட்டத்தட்ட. அது தானா காயும். இது வளரணும்." எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தார். "பல்லு எடுத்து ரொம்ப நாள் விட்டுட்டீங்க. அங்க எலும்பு மெலிஞ்சு போச்சு. கொஞ்சம் எலும்புத் தூள் வச்சு ஈடு கட்டறேன். ஆனா இந்தத் தடவையே பிடிச்சாகணும். கழண்டுபோச்சுன்னா இருக்கிறதும் குறைஞ்சிடும்."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை இருக்கா? இல்லை. சிகரெட், பாக்கு? இல்லை. நகம் கடிக்கிறது, பேனா கடிக்கிறது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறது?

"ஒரு கெட்ட பழக்கமும் கெடியாது மேடம். டீ மட்டும்தான்," என்றார் சம்பத், கொஞ்சம் பெருமையாகவே.

மார்கழியில் ஸ்குரு ஏறியது. அதன்மேல் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல்லை வைத்தார் டாக்டர். கீழ்ப்பல் அதன்மேல் இடிக்காதபடி அளவைக் குறைத்துவிட்டு, "இது பார்க்கிறதுக்கு மட்டும். நாலு மாசத்துக்கு முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாது," என்றார்.

தாட்சாயிணி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். சப்பாத்தியைக் குருமாவில் ஊறப்போட்டாள். ஆப்பிளைச் சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கினாள். பொங்கலுக்குக் கரும்பு வாசல்படியில் சாத்தியபடியே காய்ந்துபோனது. உறவுக்காரர் கல்யாணத்தில் யாரோ இலையில் முறுக்கு வைத்துவிட, பந்தியின் எதிர் வரிசையிலிருந்து, "யோவ், கைய எட்து!" என்று கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"போலீஸ்காரியக் கட்டிகினு வந்திருந்தாகூட இவ்ளோ கெடுபிடி இருந்திருக்காது," என்றார் சம்பத், பக்கத்து இலைக்காரரிடம். பக்கத்து இலைக்காரர் சிரித்தார். தாட்சாயிணிக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று இந்த மாதிரிப் பேசி.

ஸ்குரு வைத்ததற்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அவர் டூட்டியில் சேர்ந்திருந்தார். பஸ்ஸிலும் வாய் திரும்பிவிட்டது. வேண்டுமென்றே சென்னீர்குப்பத்தை இரண்டு தடவை சொன்னார், காற்றுப் போகவில்லை. ஆதார் அட்டையை எடுத்து நீட்டிய ஒரு பெண்ணிடம், "நான் பொண்ணு பாக்க வர்ல தாயி, லேடீஸ்க்கு ஃப்ரீ, பேர் ஊரெல்லாம் வேணாம்," என்றார். பின்சீட்டுப் பையன்கள் இப்போது அவர் பேச்சுக்குச் சிரித்தார்கள். ஜஸ்டின் கண்ணாடியில் பார்த்து, "வண்டிக்கு இன்ஜின் திரும்ப வந்துச்சி," என்றார்.

ஒரு கையில் மெஷின், அக்குளில் பை, இன்னொரு கையில் கம்பி. விசில் எங்கே இருக்கும்? பல்லிடுக்கில்தான். முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் முன்பற்களால் கவ்வியபடியே இருக்கும். பேசும்போது மட்டும் கயிற்றோடு நெஞ்சில் விழும், பேச்சு முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளும். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் பல் தானாக இறுகும். பதினெட்டு வருஷமாகத் தாடை இதைச் செய்கிறது, அவருக்குத் தெரிந்து செய்வதில்லை. கெட்ட பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டபோது இது அவர் நினைவுக்கு வராததில் அதிசயமில்லை. இது பழக்கம் இல்லை, உத்தியோகம். முறுக்கைத் தடுத்த தாட்சாயிணிக்கும் தோன்றவில்லை, ஒருநாளும் அவள் அவருடைய டூட்டி பஸ்ஸில் ஏறியதில்லை.

மாசி மாதம் ஒரு காலையில், பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், டபுள் விசில் கொடுத்தபோது பல் லேசாக உள்ளே போய் வந்தது. வலி இல்லை. சம்பத் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்த்தார். ஆடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். ஆடியது.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தொட்டுப் பார்க்கக் கூடாது என்று நினைப்பார், நாக்கு அங்கேதான் போய் நிற்கும். தன் வாய்க்குள்ளேயே, தன் எலும்புதான், அதனிடம் ஒரு வார்த்தை சொல்ல வழி இல்லை. ஐந்தாம் நாள் தாட்சாயிணியே கேட்டாள்: "இன்னாய்யா, நாலு நாளா உம்முனு கீற?" சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்பவே போ. லீவ் நாளுக்குக் காத்துகினு இருக்காத," என்றாள்.

டூட்டி முடிந்து அப்படியே காக்கியோடு போனார். டாக்டர் ஒரு கருவியின் பின்பக்கத்தால் பல்லைத் தட்டினார். கணீர் என்று வர வேண்டிய சத்தம் மொத்தென்று வந்தது. தற்காலிகப் பல்லைக் கழற்றி, ஸ்குருவைச் சின்னச் சாவியால் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

"வலிக்குதா சார்?"

"கொஞ்சங்கூட இல்ல மேடம்," என்றார் சம்பத், நல்ல செய்தி சொல்கிறவரைப் போல.

டாக்டர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "அது சுத்துது சார். பிடிச்சிருந்தா அசையாது." கையுறையைக் கழற்றப் போனவர், சட்டைமேல் கிடந்த விசிலைப் பார்த்தார். கயிற்றோடு தூக்கி விளக்குக்குக் கீழே பிடித்தார். வாய் வைக்கிற இடத்தில் மேலும் கீழும் பல் பதிந்த பள்ளங்கள். "இதை எவ்வளவு நேரம் பிடிச்சிருப்பீங்க?"

"டூட்டி நேரம் பூரா," என்றார் சம்பத். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.



"ஒரே தடவை பலமா கடிச்சாத்தான் கழலும்னு இல்ல," என்றார் டாக்டர். "லேசான அசைவு, ஆனா நாள் முழுக்க. இது நிக்காதுன்னு உடம்பு முடிவு பண்ணிடும். எலும்பு வர வேண்டிய இடத்துல நார் மாதிரி சதைய வளர்த்து மூடிடும். நார் வந்த இடத்துல அப்புறம் எலும்பு வராது. எடுத்துத்தான் ஆகணும்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "நான் வேலையப் பத்திக் கேட்டிருக்கணும் சார். பேனாவைக் கேட்டேன், விசிலைக் கேட்கத் தோணல. உங்கள யூனிஃபார்ம்ல இன்னிக்குத்தான் பார்க்கிறேன்," என்றார்.

"விசில இப்பவே வுட்டுடறேன் மேடம். கையால தட்டிக்கிறேன். இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாமே?"

டாக்டர் முடியாது என்று தலையாட்டினார்.

ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆன ஸ்குரு கழல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டில் வைத்துக் காட்டினார். பொடி எலும்புகூட ஒட்டாமல், அரிசி மணிகள் இரண்டை நீளவாக்கில் வைத்தாற்போல, ரத்தம் துடைத்ததும் பளபளவென்று இருந்தது.

மறுபடி வைக்கலாம் என்றார் டாக்டர். இடுப்பிலிருந்தோ தாடையின் பின்பக்கத்திலிருந்தோ எலும்பு எடுத்து வைத்து, அது ஒட்ட ஆறு மாதம், பிறகு ஸ்குரு, அதற்கு மேலும் ஆறு மாதம். பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இல்லையென்றால் பிரிட்ஜ். புண் ஆறியதும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

வீட்டில் தாட்சாயிணி கேட்டுவிட்டு, "நல்ல பல்ல ராவறதா?" என்றாள். இரண்டு நாள் கழித்து, "ஒரு வருசம் வாய மூடிகினு இருப்பியா?" என்றாள். மூன்றாம் நாள், "உன் வாயி. நான் இன்னா சொல்றது?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். எதைச் செய்வது என்று சம்பத் ஜஸ்டினிடம் கேட்டார். இந்த முறை ஜஸ்டினுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "தெர்லியே மாமே," என்று கியரை மாற்றினார்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிட்ஜுக்காக, சம்பத் கிளினிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டு பக்கமும் ஊசி போட்டு, உதடு மரத்து, கன்னத்தில் பஞ்சு அடைத்திருந்தது. கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சந்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கொஞ்சம் மஞ்சள், மற்றபடி குறை சொல்ல முடியாத பற்கள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

டாக்டர் பல் ராவுகிற மெஷினை ஓட்டினார். தண்ணீர் பீய்ச்சியது. முனை பல்லில் படுவதற்கு முன் சம்பத்தின் வலது கை தானாக மேலே எழுந்தது.

டாக்டர் நிறுத்தினார். "ஏதாவது சொல்லணுமா சார்?"

மரத்த உதடு அசையவில்லை. தூக்கிய கையை வயிற்றின்மேல் வைத்து, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

மெஷின் மறுபடி ஓடியது.