பால்சுறா வறை

சினை வைத்த மீனை நான் வாங்குவதில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். என்னைக் கண்டதுமே, "அம்மே, பித்தர நே" என்று, முட்டை இல்லை என்பதைச் சிங்களத்தில் சொல்லி, மீனின் வயிற்றை அமுக்கிக் காட்டுவார்கள். மற்றவர்கள் சினைக்காகவே தேடி வாங்குகிற மீனை இந்தக் கிழவி ஒதுக்குகிறாளே என்று அவர்களுக்கு ஒரு சிரிப்பு. சுறாவின் பக்கம் நான் திரும்பியும் பார்ப்பதில்லை.

வங்கியில் வேலை செய்கிற என் மகள் போன மாதம் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. சுறாவையும் சினை மீனையும் பிடிக்கிறதால கடலில மீன் குறைஞ்சு போகுதாம். பெரிய சுறா உடம்புக்கும் கூடாதாம்."

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு பெரிய போன் வேணுமே?" என்றேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எதைத் தின்ன வேண்டும், எதைக் கடலில் விட வேண்டும் என்று எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. "அப்ப உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். அடுப்பில் வேலை கிடக்கிறது என்று எழும்பிப் போய்விட்டேன். அவளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு ஏழு வயதிருக்கும், தம்பி பிறந்தான். மாதம் நிறைவதற்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது துவாய்க்குள் அவனைத் தேட வேண்டியிருந்தது. அழுதால் பூனைக்குட்டிச் சத்தம்தான்.

அம்மாவுக்குப் பால் ஊறவில்லை. எங்கள் வீட்டில் அப்போது வேறு கதையே இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னபடி புட்டிப் பாலும் கரைத்துக் கொடுத்தார்கள். அவன் குடித்ததை விடக் கக்கியதுதான் கூடுதல்.

பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் அக்கா, என் மாமி, வந்திருந்தார். வந்த அன்றே அடுப்படி அவருடைய ராச்சியமாகிவிட்டது. மிளகும் மஞ்சளும் மல்லியும் அரைத்துப் பத்தியக் கறி, நிறைய உள்ளிப்பூண்டு, முருங்கையிலை வறை. தக்காளி குளிர்மை, பூசணி வாயு, பச்சைத் தண்ணீரைப் பற்றி மூச்சே விடக்கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு தின்றார். பால் மட்டும் வரவில்லை.

"தம்பி, ஒரு பால்சுறா கொண்டு வா," என்று மாமி அப்பாவிடம் சொன்னார். "வறை செய்து குடுப்பம். நாலு பிள்ளையளுக்கும் நான் அதைத் திண்டுதான் பால் குடுத்தனான்."

அப்பா விடியமுன்பே முகத்துவாரத்துக்குப் போய், தோணிகள் கரைக்கு வரும்வரை காத்து நின்று, ஒரு சுறாவை வாங்கி வந்தார். நல்ல வயிறு வைத்த சுறா. "கொழுத்ததாப் பார்த்து எடுத்தனான், அக்கா," என்று அப்பா சொன்னபோது அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது.

மாமி குழாயடியில் குந்தியிருந்து வெட்டினார். நான் எதிரே குந்தியிருந்து பார்த்தேன். வயிற்றைக் கீறியதும் உள்ளேயிருந்து குட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. முதலில் அது விழுங்கிய மீன்கள் என்றுதான் நினைத்தேன். அப்படியே தாயை உரித்து வைத்த மாதிரி, அதே மூக்கு, அதே வால். ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் ஒரு கொடி. மாமியின் கத்தி கொஞ்ச நேரம் அசையவில்லை. ஒரு குட்டி மட்டும் வாலை அடித்தது.

நான் ஓடிப்போய்ப் பேசின் ஒன்றில் தண்ணீர் பிடித்து, அதைத் தூக்கிப் போட்டு, உப்புச் சட்டியிலிருந்து கை நிறைய உப்பை அள்ளிக் கொட்டினேன்.

"உப்பெல்லாத்தையும் என்னடி செய்யிறாய், மூதேவி?"

"கடல் செய்யிறன், மாமி."

"ஓம், கடல் செய்யிறா! கடலுக்கு ராசாத்தி!" என்று மாமி சிரித்தார். எனக்கு அது பாராட்டாகப் பட்டது. பேசினைத் தூக்கிக்கொண்டு, அம்மா கிடந்த மூலைக்குக் கட்டியிருந்த சேலை மறைப்பைத் தலையால் விலக்கி, அம்மாவிடம் போனேன்.

"அம்மா, சுறாவுக்கும் தம்பிமார் இருக்கினம்."

அம்மாவின் மடியில் தம்பி கிடந்தான். அம்மா பேசினுக்குள் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அந்தக் குட்டியின் கொடியைத் தொட்டார். தம்பிக்கும் கொப்பூழில் அப்படியொன்று இன்னும் விழாமல் கிடந்தது. குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. அம்மா நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"மச்சாள், எனக்கு அந்த வறை வேண்டாம்."

மாமி மீன் கையோடு வந்து நின்றார். "என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? கடலுக்குள்ள எது பிள்ளைத்தாச்சி, எது இல்லை எண்டு வலைக்குத் தெரியுமே?"

"வலைக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு போச்சே, மச்சாள்."

"அது செத்துப் போச்சு. உன்ர பிள்ளை உயிரோட கிடக்கிறான். அவனைப் பார்."

மாமி போய் அடுப்பை மூட்டினார். சுறாவை அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் போட்டு வறுத்தார். அன்று வறை அடிப்பிடித்துவிட்டது. மாமியின் கையில் ஒரு கறி கருகி நான் அதற்கு முன் கண்டதில்லை.

தட்டை அப்பாதான் கொண்டுபோனார். அம்மாவின் பக்கத்தில் குந்தி, தம்பியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். அம்மா அவனையே பார்த்துக்கொண்டு, கசாயம் குடிக்கிற மாதிரி ஒவ்வொரு வாயாக விழுங்கினார். இடையிடையே பச்சைத் தண்ணீர் குடித்தார். மாமி அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். அது தாய்மாருக்கு என்றார்கள். சின்னப்பிள்ளை என்றால் யாரும் எதுவும் செய்யலாம் என்று மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

பின்னேரம் பார்த்தால், பேசினில் குட்டி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. அப்பா எல்லாக் குட்டிகளையும் ஒரு காகிதத்தில் சுற்றினார். "கடலில விட்டிட்டு வாறன்," என்றார். வீட்டுக்குப் போகப் போகின்றன என்று நான் சந்தோஷமாகக் கை காட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் கண் விழித்தபோது வீடு முழுக்க ஆட்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்றார். எனக்குப் பாண் துண்டில் சீனி தூவித் தந்தார்.

மத்தியானம் நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா சுவரில் சாய்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கமெல்லாம் நனைந்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது. மாமி அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "இப்ப வந்து என்ன செய்ய? இப்ப வந்து என்ன செய்ய?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "சோறு தின்ன வந்தனான்," என்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் மாமி அப்பாவை வெளியே கூப்பிட்டு, "மல்லிகைப்பூ வாங்கி வா, தம்பி. மார்பில வைச்சுக் கட்டினால்தான் பால் வத்தும்," என்றார். அப்பா வாழையிலையில் சுற்றிய பெரிய பொட்டலத்தோடு வந்தார். அவர் அம்மாவுக்குப் பூ வாங்கி வந்ததை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். தம்பிக்குச் சுகம் வந்துவிட்டது, அதுதான் பூ என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனால் மாமி ஒரு பூவைக்கூட அம்மாவின் தலையில் வைக்கவில்லை. எல்லாவற்றையும் துணியில் பரப்பி, அம்மாவின் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"அவ்வளவு பூவையும் அம்மாவுக்கு மட்டும் ஒளிச்சு வைக்கிறியள்!" என்று நான் காலை அடித்து அழுதேன்.

மாமி கையை ஓங்கினார். அம்மா தடுத்தார். கட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி பூவை எடுத்து, என்னை இழுத்து மடியில் இருத்தி, என் பின்னலில் ஒவ்வொன்றாகச் செருகினார். பூக்கள் நசுங்கியிருந்தன. சூடாகவும் ஈரமாகவும் இருந்தன. என் கழுத்தில் ஒரு துளி இறங்கியது. பூக்காரர் தண்ணீரைக் கூடுதலாகத் தெளித்துவிட்டார் என்று நினைத்தேன்.

வாசலில் போய் நின்று, வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அதில் ஒரு பூவை மட்டும் கழற்றிக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டேன், தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மணக்கக் கொடுப்பதற்கு.