ஒன்பதரை, எந்த மணிக்கூட்டில்?

25.8.96 திகதியிட்ட கடிதத்தில் தங்கை எழுதியிருந்தாள்: "போன ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அப்பா ஆஸ்பத்திரியில் காலமானார்." வன்னியிலிருந்து வெளிநாட்டில், மான்மவுத் ஜங்ஷனில் உள்ள என் தபால் பெட்டிக்கு அது வந்து சேர ஏழு வாரம் பிடித்தது.

அந்த வருடம் மே மாதம், மின்சாரத்தை மிச்சப்படுத்த, இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. அரசின் பிடியில் இல்லாத வன்னியில் பழைய மணியே நடந்தது. பஞ்சாங்கம், இந்த நேர மாற்றத்துக்கு முன்பே அச்சானதால் அதுவும் பழைய மணி. அதன்படி அந்த ஞாயிறு காலை 9.05 வரை சதுர்த்தி, பிறகு பஞ்சமி. தங்கை எழுதிய ஒன்பதரை புது மணியென்றால், பழைய கணக்கில் எட்டரை. அப்பா போனது சதுர்த்தியில். பழைய மணியென்றால் பஞ்சமியில். முதலாண்டுத் திவசத்தை எந்தத் திதியில் செய்வது?

உலகப் போர்ப் புத்தகங்களின் ஓரங்களில் இரண்டு மணிகளையும் குறித்து வைப்பது என் வழக்கம். 1941 ஜூன் 22 அன்று ஜெர்மன் பீரங்கிகள் முழங்கியது அவர்களுக்கு 3.15, மாஸ்கோவுக்கு 4.15. சரணடைவு அவர்களுக்கு மே 8, மாஸ்கோவுக்கு மே 9. அப்பாவுக்கும் அப்படி இரண்டு நாள் அமைய விடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

இதே நாட்டில் தொலைவிலுள்ள கேட்டி என்ற ஊரிலிருந்து அக்கா போன் எடுத்தார். "கொழும்பு மச்சான் சதுர்த்தியெண்டு சொல்லுறார். நாளைக் குறி."

"பொறுங்கோ அக்கா. எந்த மணியெண்டு தெரியேல்ல."

"ஜெர்மன்காரன்ர மணி தெரியுது, ரஷ்யாக்காரன்ர மணி தெரியுது, அப்பான்ர மணி மட்டும் தெரியாதோ? நீ ஒரு நாள், நான் ஒரு நாளெண்டு படைக்கேலாது, சொல்லிப்போட்டன்."

தங்கைக்கு எழுதினேன். பதில் அடுத்த ஏப்ரலில் வந்தது: "வீட்டில் பழைய மணிதான் அண்ணா. ஆனால் ஒன்பதரை என்பது ஆஸ்பத்திரிக்காரர் எழுதித் தந்த மரணத் துண்டில் இருந்தது."

ஆஸ்பத்திரி அரசுடையது. சம்பளம் கொழும்பிலிருந்து போனது. அப்படியென்றால் மணியும் கொழும்பு மணியா? விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஜூனில், ஐசலின் என்ற அயலூரில் பலசரக்குக் கடையொன்றின் கல்லாவில், அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர் அகப்பட்டார். கேட்டதும் சிரித்தார்.

"தம்பி, வேலைக்கு வந்து சைன் பண்ணுறது கொழும்பு மணி. சோறு தின்னுறது பழைய மணி."

"சாகிறது?"

சிரிப்பை நிறுத்தினார். "வார்ட்டில தொங்கின மணிக்கூட்டை ஒருத்தரும் தொடேல்ல. அதைப் பார்த்துத்தான் துண்டு எழுதுறது. நான் போன வருசம் ஜூலையில அங்கயிருந்து வெளிக்கிட்டன். அதுக்குப் பிறகு தெரியாது."

அன்றே அக்காவை அழைத்தேன். "பஞ்சமி. ரெண்டு வீட்டிலயும்."

"வடிவாத் தெரியுமோ?"

"இவ்வளவுதான் தெரியும். இதை வச்சுத்தான் சொல்லுறன்."

"அப்ப மச்சானுக்குக் கொழும்பு மணி இருக்கட்டும். நாங்கள் பஞ்சமி."

1997 ஆவணி வளர்பிறைப் பஞ்சமியில் இரு வீடுகளிலும் படைத்தோம். என் குறிப்பேட்டில் அந்தத் திதிக்குக் கீழே எழுதிய வரி இன்னும் அப்படியே இருக்கிறது: "1996 ஓகஸ்டில் வார்ட் மணிக்கூடு எந்த மணி காட்டியது என்பது உறுதிப்படுத்தப்படவில்லை."